கவிழ்த்து வைத்த அட்டை

தாடி சார் கையில் இருந்தது எட்டு. அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி ஜன்னலில் அது பளிச்சென்று தெரிந்தது. அவள் தன் அட்டைக்கட்டிலிருந்து ஓர் எட்டை உருவி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“காட்டலாமா?” என்றாள் கேப்டன்.

ஏழு கைகள் ஒரே நேரத்தில் அட்டைகளைத் திருப்பின. மூன்று, ஐந்து, மூன்று, இரண்டு, ஐந்து. அவளும் தாடி சாரும் மட்டும் எட்டு.

“ரெண்டு பேரும் வர்ற வழியிலேயே பேசி வெச்சுக்கிட்டு வந்துடறீங்களா?” என்று டிசைனர் பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சூதாட்டம் ஒன்றுமில்லை, வேலைதான். சின்னக் கிளினிக்குகளில் டோக்கன் கொடுப்பதற்கு ஒரு செயலியை உருவாக்கும் கம்பெனி அது. தொடங்கி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. முதலாளி என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்பதால், அதைத் தொடங்கிய பெண்ணைக் கேப்டன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு தவணை வேலை. ஒவ்வொன்றும் தொடங்குமுன், செய்ய வேண்டிய வேலைகளை மஞ்சள் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அது எவ்வளவு கடினம் என்று ஆளுக்கோர் எண்ணைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவரை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எல்லோரும் சேர்ந்து திருப்புவது. ஆனாலும், வயதில் மூத்த இரண்டு பேர் ஒரே எண்ணைக் காட்டிவிட்டால் அப்புறம் அங்கே மறுபேச்சு கிடையாது.

சீட்டுகளை வாசிப்பது எப்போதும் அவள்தான். மேடம் குரல் தெளிவாக இருக்கிறது, அவங்களே படிக்கட்டும் என்று முதல் வாரமே தாடி சார் சொல்லிவிட்டார். அவள் படித்து முடித்து நிமிரும்வரை அவர் காத்திருப்பார். அதன்பிறகுதான் ஓர் அட்டையை எடுப்பார். பெரிய கம்பெனியில் இருபது வருடம் இருந்த மனிதரின் நிதானம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளோ பத்து வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். முதல் நாள் அட்டைக்கட்டைக் கையில் கொடுத்தபோது எந்த எண்ணை எடுப்பது என்றே விளங்கவில்லை. சின்னஞ்சிறுசுகள் எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அந்த ஜன்னல் கண்ணில் பட்டது. இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்தாள். இது ஏழாவது ஸ்பிரிண்ட்.

போன வாரம் மகள் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் பேப்பரைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டாள். “வெக்கமா இல்லையா உனக்கு?” என்று இவள்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, மகள் பதில் சொல்வதற்குள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கூட்டம் முடிந்ததும் கேப்டன் அவளை மட்டும் நிறுத்தினாள். இதுவரை காட்டிய எண்களையும் உண்மையில் பிடித்த நாட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாளாம். மற்றவர்கள் கணக்கெல்லாம் எங்கேயோ இருக்க, அக்காவும் சாரும் போட்டது மட்டும் அச்சாகப் பொருந்துகிறதாம்.

மூன்று மணிக்கு ஒரு டாக்டர் வருகிறார். பன்னிரண்டு கிளினிக் வைத்திருப்பவர். செயலி என்றைக்கு முழுதாகத் தயாராகும் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறார். அந்தத் தேதி தவறினால் அவர் போய்விடுவார். அவர் போனால் கம்பெனியும் இல்லை, ஏழு பேரும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

“நீங்க சொல்ற தேதிதான்க்கா,” என்றாள் கேப்டன். “சாரையும் கேட்டேன். நான் எதுக்கு, அவங்க சொன்னாப் போதும்னுட்டார்.”

அந்தப் பெருந்தன்மைதான் அவளைச் சுட்டது. இத்தனை நாளும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒரு போர்வைபோல் மேலே கிடந்தது. இப்போது அதுவும் விலகி, வெறும் வெட்கம் மட்டும் மிஞ்சியது. வேறு யாரோ ஒருத்தியின் உடுப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு வந்த பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

இரண்டரை மணிக்குத் தாடி சார் தேநீர் போடும் மூலையில் தன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னாள்.

“சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல் நாள்லேர்ந்து உங்க அட்டையை ஜன்னல்ல பார்த்துத்தான் என்னுதைப் போட்டேன். ஏழு பேர் பொழைப்பு, என்னால முடியாது. தேதியை நீங்களே சொல்லிடுங்க சார்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோபப்படுவார், கேப்டனைக் கூப்பிடுவார், குறைந்தது ஒரு கசப்பான சிரிப்பாவது சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

வெளியே லிஃப்ட் திறந்தது. டாக்டர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார் போலிருந்தது. “அக்கா, வாங்க” என்று கேப்டனின் குரல் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாடி சார் அவளைவிடவும் குறுகிப்போய் நின்றிருந்தார்.

“மேடம், நீங்க படிக்கிறப்ப உங்க முகம் எப்படிப் போகுதுன்னு பார்த்துத்தான் நான் அட்டையே எடுப்பேன்.”