இரண்டாம் பம்ப்

“இரண்டாம் பம்பை நிறுத்துங்க,” என்றாள் அணுமின் நிலைய ஷிப்ட் அதிகாரி.

“இரண்டாம் பம்பை நிறுத்துறேன், மேடம்.” ஆபரேட்டர் விதிப்படி திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவளும் காத்திருந்தாள். பிறகு, “சரி,” என்றாள்.

அணு உலையைக் குளிர்வித்துக்கொண்டிருந்த பம்ப் நின்றது. அபாய மணி அலறியது.

“தப்பான பம்ப்னு ஒருத்தருக்குமா தெரியல?” என்று அறையில் இருந்த எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

“தெரிஞ்சுது மேடம். போன வாரம் நான் சந்தேகம் கேட்டப்ப, ‘என் நாற்காலியில வந்து உக்காருறீங்களா?’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. அதான் வாயை மூடிக்கிட்டோம்,” என்றார் ஆபரேட்டர்.

பயிற்சியாளர் உள்ளே வந்து மணியை அணைத்தார். அது பயிற்சிக்கான மாதிரி அறைதான்.

“வேணும்னே தப்பா உத்தரவு போடுறேன், யாராவது தடுக்குறாங்களா பார்ப்போம்னீங்களே மேடம். யாரை ஃபெயில் போடட்டும்?”

“அவங்களை விட்டுடுங்க சார்,” என்றாள். தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.