படுக்கும் இடம்

கோயிலின் பக்க அறையில் நாற்காலிகள் நான்கு, வந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் பங்குத்தந்தை. அவருக்கு வலப்பக்கம், வரைபடத்தைத் தொடையில் விரித்தபடி இன்ஜினியர். எதிரே, மூடி கழற்றிய பேனாவோடு கட்டடக் குழுவின் செயலாளர். வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் எல்லோருக்கும் டீச்சர். மின்விசிறிக்கு நேர் கீழே இரும்புக்கடை முதலாளி.

கோயில்பிள்ளை உட்காரவில்லை. மணி அடிப்பது, பெருக்குவது, கதவைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவர்தான். எல்லோரும் அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பின்பக்கமிருந்து ஈரத் தலையோடு வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

“எத்தனை பேருய்யா தேறுச்சு?” என்றார் முதலாளி.

“ஒம்பதுங்க.”

“போச்சு. பத்துல்ல கேட்டிருக்கான்.”

நூறு வருடத்துக் கட்டடம் அது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடப்பதை ஊருக்குப் பயன்படும்படி மாற்றுவதென்று குழு முடிவு செய்திருந்தது. பக்கத்து மண்டபத்தில் வீடில்லாதவர்கள் இரவில் தங்குவதற்குக் கட்டில்கள், பின்னறையில் வெந்நீரோடு குளியலறை, முன்படியில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை.

செலவை ஏற்க ஓர் அறக்கட்டளை தயாராக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். பங்கின் எல்லைக்குள் வீடில்லாதவர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். பெயர், வயது, படுக்கும் இடம் என்று மூன்று கட்டங்களையும் நிரப்பிய பட்டியல் இன்று பகல் தபாலில் போயாக வேண்டும்.

“பேருதான் பிள்ளை, நடை கிழவன் நடை” என்றார் முதலாளி. “நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள படுத்திருந்தவனெல்லாம் எழுந்து போயிருப்பான்.”

“மூணு நாளா விடியறதுக்கு முன்னாலயே கிளம்பிட்டேங்க. மூடின தியேட்டர் படிக்கட்டுல நாலு பேரு. பஸ் ஸ்டாண்டுல மூணு. மருந்துக்கடைக்குப் பின்னால ஒரு அம்மாவும் மகளும். கூட ஒரு நாய்.”

“நாயைப் பத்தாவதாப் போட்டுட வேண்டியதுதானே?”

“அதுக்கு வயசு தெரியலைங்க.”

இன்ஜினியர் சிரித்தார். பங்குத்தந்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “இவ்வளவு பெரிய பங்குல வீதிக்கு வந்த ஆளு இன்னும் ஒருத்தர் இல்லாமயா போயிட்டாங்க?” என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோலக் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

“அது ஒருபக்கம் இருக்கட்டும் ஃபாதர்” என்றார் இன்ஜினியர். “பின்னறையை எப்பக் குடுப்பீங்க? குழாய் வேலையை அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். உள்ள கட்டிலு, ஸ்டவ்வு, தகரப்பெட்டின்னு ஒரே அடைசல்.”

“எல்லாம் பழைய ஃபாதர் காலத்துச் சாமான். போன ஞாயித்துக்கிழமையே அறிவிப்புல படிச்சாச்சு. ‘பின்னறையில் உள்ளவற்றை உரியவர்கள் முப்பதாம் தேதிக்குள் எடுத்துக்கொள்ளவும்.’ அதுக்கு மேல எப்படிச் சொல்றது?”

“தேதி தள்ளிப்போகாதே? அப்புறம் என் ஆளுங்க வேற வேலைக்குப் போயிடுவாங்க.”

பங்குத்தந்தை கதவுப் பக்கம் திரும்பினார். “என்னப்பா, தள்ளிப்போகுமா?”

“இல்லைங்க ஃபாதர். முப்பதாந்தேதி காலியாயிடும்.”

“ரொம்ப நல்லது” என்று இன்ஜினியர் வரைபடத்தில் பின்னறையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணேகால். பத்தாவது வரிசை காலியா இருக்கு. இதை மடிச்சு வெச்சிட்டு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகலாமா?”

கோயில்பிள்ளை தொண்டையைச் செருமினார். “பத்தாவது ஆளு ஒருத்தர் இருக்காருங்க டீச்சர்.”

“இதை வந்த உடனே சொல்றதுக்கென்ன?” என்றார் முதலாளி.

“இப்பத்தாங்க உறுதியாச்சு.”

சட்டைப் பையிலிருந்த பாட்டுத்தாளின் பின்பக்கம் பெயரையும் வயதையும் எழுதி நீட்டினார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“கேள்விப்படாத பேரா இருக்கே. வயசு அறுபத்தெட்டு. நம்ம பங்கு ஆளுதானா?”

“ஞானஸ்நானமே இங்கதாங்க.”

“படுக்கிற இடம்?”

கோயில்பிள்ளை சற்று யோசித்தார். “கோயில் தெருன்னு போட்டுக்கங்க.”

டீச்சர் எழுதினார். பங்குத்தந்தை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். “கடவுள் நம்மளைக் கைவிடலை” என்றார். டீச்சர் விலாசத்தை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்து, உறையின் ஓரத்தில் பசை தடவி, கை முஷ்டியால் அழுத்தி ஒட்டினார். தபால் பெட்டி கோயில் வாசலிலேயே இருந்தது. கடிதம் கோயில்பிள்ளையின் கைக்கு வந்தது. எல்லோருமே கூட நடந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் முதலாளிக்கு எங்கோ இடித்தது.

“ஏய்யா, கோயில் தெருவுலதானே என் கடை. விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்கறேன். அங்க ஒரு ஆளு படுத்து ஒருநாளும் பார்த்ததில்லையே?”

கோயில்பிள்ளை உறையைப் பெட்டியின் வாயில் செருகினார். அது அடியில் போய் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பிறகு திரும்பினார்.

“ஒண்ணாந்தேதியிலேருந்து என்னைப் பாப்பீங்க முதலாளி.”