முப்பத்திரண்டு பாகம்

செத்துப்போனவரின் நோட்டை மேஜைமேல் விட்டெறிந்தார் மீனவர் சங்கத் தலைவர்.

"உன் புருஷன் எங்களை நல்லா ஏமாத்திட்டான்மா. இதுல இருக்கிறது பூராவும் பொய்!"

"அவரு பொய் எழுதற ஆளு இல்லை, தலைவரே" என்றாள் எதிரே நின்ற, இறந்தவரின் மனைவி. குள்ளமான பெண். சங்கத்தின் பெரிய மேஜைக்கு மேலே அவளுடைய முகமும் முறைப்பும்தான் தெரிந்தன.

தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஏரி படு ஆழம். எந்தப் பருவத்தில் எத்தனை பாகம் கீழே மீன் நிற்கும் என்று அவள் கணவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வருஷம் முழுக்க அவர் படகு மட்டும் நிறைந்து வரும். அவர் இறந்த மறுவாரமே, சங்கத்துச் சொத்து என்று சொல்லி அந்த நோட்டைத் தூக்கிவந்த புண்ணியவான் தலைவர்தான்.

"வெயில் காலத்துக்கு இருபது, மழைக்கு எட்டு, பனிக்கு முப்பத்திரண்டு. மூணு பருவமும் தூண்டிலை இறக்கிப் பார்த்தாச்சு. ஒரு குஞ்சு கடிக்கலை!"

"சரியா அளந்தீங்களா?"

"எனக்கே பாடமா?" இரண்டு கைகளையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால் ஒரு பாகம். ஆளுக்கு ஆள் அது மாறும் என்பது தெரியாதவரா அவர்? "உன் புருஷன் ஆறடிக்கு மேல. அதனாலதான் என் மச்சான் ஏணியை விட்டு அளக்கச் சொன்னேன். அவனும் அதே உயரம்."

மச்சானை ஊரே ஏணி என்றுதான் கூப்பிடும்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். "படகு உரிமம், என் பேருக்கு. ஒரு வருஷமா நடையா நடக்கிறேன். கையெழுத்துப் போடுங்க. தப்பு எங்கன்னு சொல்றேன்."

"பொம்பளைக்கு எதுக்கும்மா உரிமம்? அவன் துடுப்பைக் கையை விட்டு இறக்காம வலிப்பான். நீ துணைக்குப் போய் உட்கார்ந்திருப்ப. வேடிக்கை பார்த்தா தொழில் வந்துடுமா? ஏரியோட ஆழம் உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னே வச்சுக்குங்க. அப்போ நான் கிளம்பறேன். அடுத்த வருஷமும் வெறும் தூண்டிலைத் தூக்கிட்டு வாங்க."

அவள் நிஜமாகவே வாசல்வரை போய்விட்டாள். வெளியே நோட்டை நம்பி ஏமாந்த உறுப்பினர்கள் கூடி நின்று, தலைவரை மாற்று என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பதவி போய்விட்டால் வீட்டில்கூட யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது தலைவருக்கு நன்றாகவே தெரியும்.

"நில்லும்மா!"

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். அவள் அவசரப்படவில்லை. பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்து, மை காயும்வரை ஊதி, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லு. உன் புருஷன் எந்த இடத்துல தப்பு பண்ணினான்?"

அவள் நிமிர்ந்து நின்று, தன் இரண்டு குட்டைக் கைகளையும் முழுசாக விரித்துக் காட்டினாள்.

"எழுதினது மட்டும்தான் அவரு. அளந்தது நான்."