ல-வும் ள-வும்

"சட்டம் உங்க பக்கமாக்கும். அவனைக் கொன்னிருந்தாலும் கேஸ் நிக்காது, கேட்டேளா?"

வக்கீல் மதுவந்தி சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த பொன்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா!"

பொன்மணி தென்காசிப் பக்கத்துக்காரி. எல்லை தாண்டி வந்து, மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் புடைக்கிற வேலை. அங்கே சுமை தூக்கும் சுடலைமணி மிளகு திருடியதை முதலாளியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, மூட்டைக் கொக்கியை ஓங்கிக்கொண்டு வந்தான். இப்போது இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போதையில் அவனுக்கு எதுவும் நினைவில்லை. பொன்மணி மேல் கொலைமுயற்சி வழக்கு. நாளை முன்ஜாமீன் கிடைக்காவிட்டால், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போகவேண்டும்.

மதுவந்திக்குத் தற்காப்புச் சட்டத்தின் மேல் தீராத பிரமிப்பு. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

"அமெரிக்காவிலே சில மாநிலத்திலே, ஓட வழி இருந்தா ஓடணும். சிலதிலே நின்னு சுடலாம். இங்கிலாந்திலே தேவைக்கு மேலே ஒரு அடி கூடாது. நம்ம முப்பத்தெட்டாம் பிரிவைப் பாருங்கோ, நம்ம உயிருக்கு ஆபத்துன்னா அவன் உயிரையே எடுக்கலாம்!"

"அதில்லம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"இருங்கோ."

மதுவந்தி போலீஸ் காகிதங்களைப் புரட்டினாள். தமிழைவிட மலையாளம்தான் அவளுக்கு வேகமாகப் படிக்க வரும். கிடங்கில் சரிந்து கிடந்த மூட்டைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். அதைத் தாண்டி வாக்குமூலத்துக்கு வந்தாள்.

"தல்லினதா ஒத்துண்டிருக்கேள். எதாலே அடிச்சேள்?"

"நான் எங்கம்மா அடிச்சேன்? 'தல்லியது நீயாணோ'ன்னு எஸ்.ஐ. கேட்டாரு. ஆமா, தள்ளினேன்னேன்."

"ஈஸ்வரா! தல்லுன்னா மலையாளத்திலே அடிக்கறதாக்கும்!"

பொன்மணியின் காதிலும் நாக்கிலும் ல-வும் ள-வும் ஒன்றுதான். ஒற்றை எழுத்து அவளை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறது. மதுவந்திக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கொக்கியோட வந்தவனை வெறுங்கையாலே தள்ளினேள். போறும், ஜெயிச்சாச்சு! ஓடறதுக்கு வழியே இல்லை, அப்படித்தானே?"

"கதவு தொறந்துதாம்மா இருந்துச்சு. நான் வெளிய ஓடிட்டேன்."

"வெளியிலே போயிட்டேளா? அப்பறம்?"

"திரும்பி உள்ள வந்துதான் தள்ளினேன்."

மதுவந்தியின் முகம் தொங்கிப்போயிற்று. கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டாள்.

"எல்லாம் போச்சு! தப்பிச்சவா திரும்பி வந்து தள்ளினா, எந்த நாட்டுச் சட்டத்திலேயும் அது தற்காப்பு ஆகாது. எதுக்கு வந்தேள்?"

"அதைத்தாம்மா மொதல்லருந்து சொல்ல வாறேன். அவன் வீசின கொக்கி அடிமூட்டையில மாட்டிக்கிச்சு. வெறியில புடிச்சு இழுத்தான். அடுக்கின மூட்டை அம்புட்டும் அவன் தலைக்கு மேல சரிஞ்சு வந்துச்சு. நசுங்கிருவானேம்மா! அதான் ஓடி வந்து அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்."

நீதிபதி வரும்போது மட்டுமே எழுந்து பழகிய மதுவந்தி, தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.