தலைக்கு நாலு நிமிடம்

ஒரு நோயாளியிடம் மட்டும் கூடுதல் பாசம் காட்டுவது தொழில் ஒழுக்கத்துக்கு ஆகாதாம். அதனால் நர்ஸ்களின் கைக்கடிகாரம் இப்போது பாசத்தையும் எண்ணுகிறது. ஆறுதலுக்காக ஒருவர் கையைப் பிடித்தால், அதே அளவு நேரம் வார்டில் எல்லார் கையையும் பிடித்தாக வேண்டும். தவறினால் விசாரணை.

போன வாரம் உயிர் பிரியும் நிலையில் இருந்த ஒரு பாட்டியின் கையை நர்ஸ் பெனிட்டா நாலு நிமிடம் பிடித்திருந்தாள். பிறகு விதிப்படி மற்ற பதினொரு கட்டில்களுக்கும் போனாள். மஞ்சள் காமாலைக்கு வந்திருந்த சொர்ணம் அலறிவிட்டாள்.

"எனக்கு என்ன ஆச்சு சிஸ்டர்? மறைக்காம சொல்லுங்க!"

"ஒண்ணுமில்லக்கா. அங்க பிடிச்சேன்ல, அதுக்காக இங்கயும் பிடிக்கணும். பேசாம படுங்க."

மூன்றே நாளில் வார்டு பழகிவிட்டது. நர்ஸ் கையைப் பிடித்தால் வேறு யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். எல்லாரும் நிம்மதியாகக் கை நீட்டினார்கள். பாரபட்சம் அறவே ஒழிந்ததென்று நிர்வாகம் கேக் வெட்டியது.

இன்று காலை சொர்ணத்தைப் பரிசோதித்த டாக்டர், வெளியே போய்க் கையை விரித்துவிட்டார். பெனிட்டா வந்து அவள் கையைப் பிடித்தாள். சொர்ணம் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அடப் பாவமே," என்றாள். "யாருக்கு சிஸ்டர் ரொம்ப முடியல?"