கிடார் உடைந்த தேதி

"ராக் இசையின் பொன்னாள் இது! பல வருஷத்துக்கு முன்னால இதே தேதியில, இதே மேடையில, சமுதாயத்து மேல இருந்த கோபத்துல இவர் கிடாரை உடைச்சார். இன்னிக்கும் உடைப்பார்!" என்று முழங்கினார் விமர்சகர்.

பாடகர் கிடாரை ஓங்கினார். கை இறங்க மறுத்தது. ஆசை ஆசையாய் வாங்கிய புதுக் கிடார். ஆனால் உடைத்தால்தான் விருது என்று விழாக் குழு கறாராகச் சொல்லியிருந்தது.

மேடையோரம் நின்ற மனைவியிடம் நழுவினார். "கோபமே வர மாட்டேங்குதுடி!"

"அன்னிக்கு மட்டும் வந்துச்சாக்கும்! இந்தக் கூத்து நடக்கும்னு தெரிஞ்சுதான் கையோட கொண்டுவந்தேன்."

கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிடார் மேல் கவிழ்த்தாள். கரப்பான்பூச்சி ஒன்று மீசையை ஆட்டியது.

"ஐயோ, அம்மா!"

படார்! படார்!

விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமாகியும் அதே கோபம் பாருங்க!"