அமைச்சரின் வயிற்றுவலி

புதிய ஆஸ்பத்திரியின் ரிப்பனை வெட்டிய கையோடு அமைச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். இனி வைத்தியத்துக்கு யாரும் வெளிநாடு போக வேண்டாம் என்று, ஊரில் பாதிப் பேருக்குப் புரியாத பிரெஞ்சில் முழங்கிய வாய், இப்போது ஊர்ப் பேச்சான ஏவே மொழியில் அம்மாவைக் கூப்பிடுகிறது. நர்ஸ் அகோசிவா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். “உள்ளே படுக்கை தயாரா இருக்குங்க ஐயா.” உதவியாளர் மறிக்கிறார். “ஐயா பாரிசுக்குப் போறாரு. இங்க வச்சுப் பார்க்க இது என்ன ஆஸ்பத்திரியா?” “நாட்டுலயே நல்ல ஆஸ்பத்திரின்னு இப்பத்தானே ஐயா சொன்னாரு?” “அது உங்களுக்குத்தாம்மா.” இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு விமான நிலையத்துக்குப் பறக்கிறது. அமைச்சரின் முகம் அச்சிட்ட சட்டை போட்ட கூட்டம் அதற்கும் கைதட்டுகிறது. அமைச்சர் பார்க்கும்வரை படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது என்பதால், எனியோனாம் என்ற கர்ப்பிணி காலையிலிருந்து பிரசவ வலியோடு பெஞ்சில் கிடக்கிறாள். அகோசிவா அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போகிறாள். மெத்தை மேல் போட ஒரு ரப்பர் விரிப்புகூட இல்லை. அகோசிவா வெளியே வந்து, வாசலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பேனரை அறுத்து எடுத்துப்போய், அமைச்சரின் சிரித்த முகம் மேலே தெரிய மெத்தையில் விரிக்கிறாள். “படுத்துக்கோம்மா. இதுக்காவது ஆகட்டும் இந்த ஆளு.”